சபையில் கேட்ட சொல்லும் அமானிதமே

 

அல்லாஹுத்தஆலாவைப் புகழ்ந்து, நாயகம் ரஸூலே கரீம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் ஓதித் தொடங்குகிறோம். நாம் ஆலிம் அல்லோம். சிறு வயதில் மதரஸாவில் ஓதியதும், ஆறாம் வகுப்பு வரை படித்ததும்தான் நமது முதல். ஆகவே இதில் பிழை காணும் உலமாப் பெருமக்கள் திருத்தித் தந்தால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம். எழுத வந்த விஷயம் நாம் செய்த ஒரு குற்றத்தைப் பற்றியது. அதனால் பிறருக்குப் புத்தி சொல்லும் தோரணை நமக்குப் பொருந்தாது.

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது. சில்லறை வியாபாரிகளான நாங்கள் பன்னிரண்டு பேர் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எந்தச் சரக்கு எங்கே மலிவு, எந்த வீதியில் மழைத் தண்ணீர் ஏறியிருக்கிறது, யார் வீட்டில் ஜனாஸா என்பன போன்ற பேச்சுகளே அதில் அதிகம். ஓரிரவு இஷாவுக்குப் பின் ஒரு சகோதரர் தம் குரலிலேயே பேசி அதில் அனுப்பியிருந்தார். கடை வாடகை மூன்று மாதம் பாக்கி. மனைவியின் வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன. ஊரிலுள்ள உம்மாவுக்கு இது தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டார். குறைந்த வாடகையில் வேறு இடம் எவருக்கேனும் தெரிந்தால் சொல்லுங்கள். இவ்வளவுதான் அவர் பேசியது.

கேட்டதும் நமக்கு உள்ளம் உருகிவிட்டது. ஜகாத் கணக்குப் பார்க்கும் காலமாயிற்றே, நாலு பேர் காதில் விழுந்தால் இந்த மனிதருக்கு வழி பிறக்குமே என்று எண்ணினோம். இருநூறு பேருக்கு மேல் உள்ள வேறொரு குழுவுக்கு அந்தக் குரலை அப்படியே தள்ளிவிட்டோம். விரலை ஒருமுறை வைத்து எடுத்ததோடு வேலை முடிந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மூன்றாம் நாள் மொத்த வியாபாரி ஒருவரின் ஆள் அவர் கடைக்கு வந்து, இனிமேல் ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு இறங்கும் என்று சொல்லிப் போனான். அதுவரை முப்பது நாள் தவணை இருந்தது. ஐந்தாம் நாள் ஊரிலிருந்து உம்மா அழைத்து அழுதார். மகன் எதைப் பெற்றவளிடம் மறைத்தானோ, அதை அந்த மகனுடைய குரலிலேயே எவரோ அங்கே போட்டுக் காட்டிவிட்டார்கள். தர்மம் என்று சேர்ந்த பணத்தை அவர் தொடவில்லை. நம்மைக் கண்டால் ஸலாம் சொன்னார். அதற்கு மேல் பேச்சில்லை.

நாம் திருடினோமா? இல்லை. பொய் சொன்னோமா? அதுவும் இல்லை. அவர் சொல்லாத எதையும் நாம் சேர்க்கவில்லை. அப்படியானால் அவரிடமிருந்து எதைப் பறித்தோம்? பல இரவுகள் இந்தக் கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. பிறகுதான் சிறு வயதில் உஸ்தாது சொல்லிக் கொடுத்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அமானிதம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. இந்நாட்டில் நிதி நிறுவனங்களின் பெயரிலும் 'அமானா' இருக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அல்லாஹுத்தஆலா ஸூரத்துந் நிஸாவின் 58ஆம் ஆயத்தில் கட்டளையிடுகிறான். நாம் வியாபாரிகளாதலால் அமானிதம் என்றதும் பணமும் நகையும் பத்திரமுமே கண்முன் வருகின்றன. நாயகம் (ஸல்) அவர்களோ அதைப் பேச்சுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாரானால், அவர் சொன்னது கேட்டவரிடம் அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. வேறு யாராவது கேட்கிறார்களா என்று அவர் தலையைத் திருப்பியதே போதும்.

கைப்பேசியில் தலை திருப்புவது எப்படி என்று கேட்கலாம். நமக்கும் முதலில் இந்தச் சந்தேகம் வந்தது. யோசித்துப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிறது. அந்தச் சகோதரருக்கு இருநூறு பேர் குழுவும் தெரியும். அதிலும் அவர் இருக்கிறார். இருந்தும் பன்னிரண்டு பேர் குழுவைத் தேர்ந்தெடுத்து அதில் பேசினார். அந்தப் பன்னிரண்டு பேரும் யார் யார் என்று அவருக்குத் தெரியும். அதுதான் அவர் தலையைத் திருப்பிப் பார்த்தது. நாம் அதைக் கவனிக்கவில்லை.

உண்மையைத்தானே சொன்னோம் என்பது இரண்டாவது சமாதானம். இதையும் மார்க்கம் ஒப்புக்கொள்ளவில்லை. தம் சகோதரரைப் பற்றி அவருக்குப் பிடிக்காததை எடுத்துப் பேசுவதே புறம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியபோது, அது அவரிடத்தில் உண்மையாகவே இருந்தால் என்ன என்று கேட்கப்பட்டது. இருந்தால்தான் புறம், இல்லாவிட்டால் அவதூறு என்ற பொருளில் அவர்கள் பதிலளித்ததாக முஸ்லிமில் வருகிறது. ஆகவே மெய் என்பது பேசுவதற்கு உத்தரவுச் சீட்டு ஆகிவிடாது.

நல்ல எண்ணம் என்பது மூன்றாவது சமாதானம். நாம் அதிகம் சார்ந்திருந்ததும் இதைத்தான். ஆனால் ஸூரத்துல் பகராவின் 273ஆம் ஆயத்தைப் பாருங்கள். கையேந்தாத காரணத்தால், அறியாதவர்கள் வசதியுள்ளவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் ஏழைகளைப் பற்றி அல்லாஹ் அதில் சொல்லி, அவர்களுக்குச் செலவிடத் தூண்டுகிறான். அவர்கள் தம் வறுமையின் மேல் போர்த்திக்கொண்டிருக்கும் அந்தப் போர்வையை அவனே மதித்துப் பேசுகிறான். அதற்குச் சற்று முன், 271ஆம் ஆயத்தில், தர்மத்தை மறைவாக ஏழைக்குக் கொடுப்பது மேலானது என்கிறான். நாமோ உதவி செய்யப் போய் முதல் காரியமாகப் போர்வையை உருவினோம். நாம் கொடுக்க நினைத்த சில நூறு வெள்ளியைவிட அந்தப் போர்வை அவருக்கு விலை கூடியது.

ஸஹாபாக்கள் இந்த விஷயத்தில் எப்படி நடந்தார்கள் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

அனஸ் இப்னு மாலிக் (ரலி) சிறுவராக நாயகத்திடம் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தவர்கள். ஒரு நாள் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் வந்து ஸலாம் சொல்லி, ஒரு வேலையாக அவரை அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் உம்மு ஸுலைம் (ரலி) ஏன் தாமதம் என்று கேட்டார்கள். நாயகம் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார். என்ன வேலை என்று தாய் கேட்டதற்கு, அது ரகசியம் என்றார் அந்தப் பிள்ளை. நம் வீட்டில் பத்து வயதுப் பையன் பெற்றவளிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? முதுகில் ஒன்று விழும். உம்மு ஸுலைம் அவர்களோ, அப்படியானால் ரஸூலுல்லாஹ்வின் ரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்று மகனுக்குச் சொன்னார்கள். பிற்காலத்தில் தம் அன்பு மாணவர் ஸாபித் அவர்களிடம், எவரிடமாவது சொல்வதென்றால் உம்மிடம் சொல்லியிருப்பேன் என்றார்களாம் அனஸ் (ரலி). அந்த வேலை என்னவென்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது.

மற்றொன்று அபூபக்கர் (ரலி) அவர்களுடையது. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஹஃப்ஸா (ரலி) கணவரை இழந்திருந்த சமயம். தகப்பனாராகிய உமர், உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்று மகளை மணமுடித்துக் கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். சில நாள் கழித்து, இப்போது மணம் செய்யும் எண்ணமில்லை என்று பதில் வந்தது. பிறகு அபூபக்கரிடம் கேட்டார்கள். அவர்கள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மறுத்தவரைக் காட்டிலும் மௌனமாயிருந்தவர் மீதே உமருக்கு அதிக வருத்தம். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இந்த வருத்தம் நன்றாகவே விளங்கும். சில நாளில் நாயகம் (ஸல்) அவர்களே ஹஃப்ஸாவைப் பெண் கேட்டு மணந்தார்கள். அதன் பின்புதான் அபூபக்கர் காரணத்தைச் சொன்னார்கள்: நாயகம் ஹஃப்ஸாவைப் பற்றிப் பேசியதை அவர்கள் அறிவார்கள், அந்த ரகசியத்தை வெளியிட மனமில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் உமரின் மனக்கசப்பு அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். அதுவும் எவ்வளவு இனிப்பான செய்தி! அப்படியிருந்தும் அதைச் சொல்லும் உரிமை தம்முடையதன்று என்று நின்றார்கள். தோழரின் கோபத்தைச் சுமந்துகொண்டு நின்றார்கள்.

நிற்க. அப்படியானால் ஒருவர் சொன்னதை எப்போதுமே எடுத்துச் சொல்லக் கூடாதா? கூடும். அதற்குரிய வாசல் உத்தரவு கேட்பது. ஸூரத்துந் நூரின் 27, 28ஆம் ஆயத்துகள் பிறர் வீட்டில் நுழையும் முறையைக் கற்பிக்கின்றன. ஸலாம் சொல்லி உத்தரவு கேள். திரும்பிப் போ என்றால் திரும்பிப் போ. ஒரு சமயம் அபூமூஸல் அஷ்அரி (ரலி) அவர்கள் உமர் (ரலி) வாசலில் மூன்று முறை உத்தரவு கேட்டுப் பதில் வராமற் போகவே திரும்பிவிட்டார்கள். ஏன் போய்விட்டீர் என்று உமர் பின்னர் கேட்டபோது, மூன்று முறைக்குப் பின் திரும்பிவிட வேண்டும் என்ற நாயக வாக்கைச் சொன்னார்கள். உமர் அதோடு விடவில்லை. இதை நாயகம் சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி கொண்டு வாரும் என்றார்கள். அபூஸயீதில் குத்ரி (ரலி) வந்து சாட்சி சொன்னார்கள். வாசலில் பதில் வராதது சம்மதமாகாது என்பதும், ஒருவர் சொன்னதாக ஒரு சொல்லை எடுத்து வைப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்பதும் இந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. ஒரு மனிதரின் வீட்டு வாசலுக்கே இவ்வளவு என்றால், அவருடைய மனத்தின் வாசலுக்கு எவ்வளவு?

ஹதீஸ் கலையின் இமாம்கள் இந்த ஒழுக்கத்தை ஒரு தனிச் சட்டமாகவே ஆக்கி வைத்தார்கள். ஆசிரியரிடம் நேரில் கேட்பது, அவர் முன் வாசித்துக் காட்டுவது, அவரிடமிருந்து அறிவிக்க 'இஜாஸா' என்னும் அனுமதி பெறுவது என்று வழிகள் வகுத்து, எந்த வழியில் தமக்கு வந்ததோ அதற்குரிய சொல்லையே பயன்படுத்தினார்கள். இதில் இமாம் நஸாயீ (ரஹ்) அவர்களின் சம்பவம் நமக்கு மிகவும் பிடித்தது. எகிப்தின் காஜியாராக இருந்த ஹாரிஸ் இப்னு மிஸ்கீன் அவர்களுக்கும் நஸாயீக்கும் ஏதோ மனத்தாங்கல். காஜியாரின் மஜ்லிஸில் அவர்கள் உட்கார வழியில்லை. ஆகவே அவர் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இருந்து, ஹதீஸ் வாசிக்கப்படுவதைக் கேட்டார்கள். பின்னால் தம் நூலில் அவற்றை எழுதும்போது, ஹாரிஸ் எமக்கு அறிவித்தார் என்று எழுதவில்லை. அவரிடம் வாசிக்கப்பட்டது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற கருத்துப்படவே எழுதினார்கள். அவர் எமக்குச் சொல்லவில்லை, எம் காதில் விழுந்தது என்று ஒப்புக்கொள்ளும் அந்தப் பேணுதலைப் பாருங்கள்! அதுவும் நாயக வாக்கை, எல்லாருக்கும் எத்திவைக்க வேண்டிய ஒன்றை, எழுதும்போது. வாடகை பாக்கியைப் பற்றிய பேச்சுக்கு நாம் எவ்வளவு பேண வேண்டும்!

இதில் வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும் இன்னொன்று உண்டு. அளவையில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று ஸூரத்துல் முதஃப்பிஃபீன் தொடங்குகிறது. தராசில் நாம் கவனமாகத்தான் இருக்கிறோம். பேச்சை அளக்கும்போதோ? ஒருவர் பத்து வார்த்தை சொன்னால் நமக்கு வேண்டிய மூன்றை மட்டும் எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிறோம். "அந்த விலைக்கு விற்றால் நஷ்டம்தான், இருந்தாலும் பழைய வாடிக்கைக்காரர், கொடுத்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னதில் "நஷ்டம்தான்" மட்டும் கடை வீதியைச் சுற்றி வந்ததை நாம் கண்டிருக்கிறோம். சொன்னவரிடம் எழுதியதைக் காட்டி, இப்படித்தானே சொன்னீர்கள் என்று கேட்பது எடையை அவர் கண்முன் போடுவதைப் போன்றது. பெயரை எடுத்துவிட்டோமே என்பதும் போதாது. நாம் இருப்பது சிறிய வட்டம். இன்ன சரக்குக் கடைக்காரர், இன்ன ஊர்க்காரர் என்றால் பெயர் எதற்கு?

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்லாவிட்டால் நாமே எடை குறைத்தவர்களாவோம். சபைப் பேச்சு அமானிதம் என்று சொல்லும் ஹதீஸிலேயே உயிரைப் பறிப்பது, மானத்தைக் கெடுப்பது, பிறர் பொருளை அநியாயமாக அபகரிப்பது ஆகிய சபைகள் நீக்கப்பட்டிருக்கின்றன. ஒருவர் மற்றொருவரை மோசம் செய்யத் திட்டமிடுவதைக் கேட்டுவிட்டு, அமானிதம் என்று வாய் மூடியிருக்க முடியாது. அப்படியே கடன் கொடுக்கப் போகிறவர் நம்மிடம் வந்து, இன்னார் எப்படி என்று யோசனை கேட்டாலும், அறிந்த உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மை இருவர் பெண் கேட்டதாக வந்து சொன்னபோது, ஒருவர் வசதியற்றவர், மற்றவர் கடுமையானவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வெளிப்படையாகவே சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கச் சொன்னார்கள். ஆனால் கேட்டவருக்கு, கேட்ட விஷயத்தில், தேவையான அளவு சொன்னார்கள். நாம் செய்தது அதுவன்று. எவரும் நம்மிடம் கேட்கவில்லை. மிம்பரில் சொன்ன பயானுக்கும் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசியதற்கும் இந்தச் சட்டம் இல்லை. அவை எல்லாருக்கும் சொன்னவை; சரியாக எடுத்துச் சொன்னால் போதும்.

நம் முன்னோர் இதை ஏட்டில் படித்து நடக்கவில்லை. பினாங்கில் கடை மாடிகளில் எட்டுப் பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்திருந்த காலத்தில், எழுதத் தெரிந்தவர் அவர்களில் ஒருவரோ இருவரோதான். எல்லாருடைய கடுதாசியையும் அவரே எழுதுவார், வந்ததையும் அவரே வாசிப்பார். யார் வீட்டில் நகை அடகில் இருக்கிறது, எவருடைய தங்கைக்கு வரன் தட்டிப்போயிற்று, யார் மனைவி எதற்குக் கோபித்துக்கொண்டு தாய் வீடு போனாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நமது தகப்பனார் அப்படிக் கடுதாசி எழுதியவர். ஒரு தடவை கூட வீட்டில் அவர் ஒருவருடைய சங்கதியை எடுத்து நாம் கேட்டதில்லை. அவரிடம் பேனா இருந்தது. நம்மிடம் ஒரே அழுத்தலில் இருநூறு பேருக்குப் போகும் கருவி இருக்கிறது. கருவி பெரிதாகியிருக்கிறது, நம் வாய்க்கட்டு சிறுத்துப்போயிருக்கிறது.

இந்நாட்டில் திவாலானவரை மலாயில் 'முஃப்லிஸ்' என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல் வரும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் கியாமத்து நாளில் வந்து, இவரை ஏசினான், அவர் மேல் பழி போட்டான், இன்னொருவர் பொருளைத் தின்றான் என்பதற்காகத் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்து போகிறவனே உண்மையில் முஃப்லிஸ் என்பது அதன் கருத்து. பேரேட்டில் வரவு நிறைய இருந்தும் கடைசியில் கை காலி. இதை நினைத்தபோதுதான், அந்தச் சகோதரரிடம் இவ்வுலகிலேயே கணக்கை நேர் செய்துகொள்ள வேண்டும் என்று புறப்பட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவர் கடைக்குப் போனோம். மன்னிக்கச் சொல்லிக் கேட்டோம். சற்று நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, நீங்கள் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என் குரல். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். நமக்குப் பதில் இல்லை. பிறகு தேநீர் வரவழைத்தார்.

அப்போதுதான் இதைச் சங்க இதழில் எழுதலாமா தம்பி என்று கேட்டோம். எழுதிக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். கொண்டுபோய்க் கொடுத்தோம். ஊரின் பெயரை அடித்தார். கடைச் சரக்கு இன்னதென்று எழுதியிருந்ததையும் அடித்தார். வேறு இரண்டு வரிகளையும் எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். உம்மாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் சற்று நின்றார். அதையும் எடுத்துவிடவா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றார்.

மொத்த வியாபாரி இன்னும் பழைய தவணையைத் தரவில்லை. அவரை நமக்குப் பழக்கம் உண்டு. நாம் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்று தம்பியிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.